இரவல் போன வரியுரிமை

வரி விதிக்கும் உரிமை மன்னனுக்கு இல்லை, மக்கள் பேராளர்க்கே உண்டு என்று முழங்கி, ஆங்கில முடியாட்சியை உதறிப் பிறந்த நாடு அமெரிக்கா. 1787-இல் அதன் அரசியலமைப்பை வரைந்தோர், சுங்கத் தீர்வையையும் அயல்நாட்டு வணிக ஒழுங்கையும் பேராயத்தின் கையிலேயே வைத்தனர். குடியரசுத் தலைவர் பிற நாட்டோடு உடன்படிக்கை செய்யலாம். ஆயின் மேலவையில் மூன்றில் இரு பங்கினர் இசைய வேண்டும். இத்துணைக் காவல் இருந்தும், 2025-இல் திரம்பு என்னும் தலைவர் தம் ஒரு கையொப்பத்தால் உலக நாடுகள் பலவற்றின்மீதும் தீர்வை சாற்றினார். இஃது எங்ஙனம் இயன்றது?

எவரும் பறித்துச் செல்லவில்லை. பேராயமே தன் உரிமையை இரவலாகக் கொடுத்தது. 1930-இல் அவ்வவை தானே தீர்வைகளை அளவிறந்து உயர்த்தி, உலக வணிகத்தைச் சீரழித்துக் கொண்டது. அவ்வச்சத்தால், 1934-இல், அயல்நாட்டோடு பேசித் தீர்வையை ஐம்பது விழுக்காடு வரை கூட்டவும் குறைக்கவும் தலைவருக்கு இசைவளித்தது. பேசி முடித்த உடன்பாடு மீண்டும் அவைக்கு வரவேண்டியதில்லை! 1947-இன் தீர்வை, வணிகப் பொது உடன்பாட்டிலும் அமெரிக்கா இவ்வழியிலேயே சேர்ந்தது. மேலவையின் மூன்றிலிரு பங்கு வாக்கு கேட்கப்படவில்லை.

சொல்லாட்சியின் சூழ்ச்சியை நம்மவர் ஈண்டு நோக்குக. 1993-இல் கனடா, மெக்சிக்கோ நாடுகளோடு செய்த வட அமெரிக்கத் தடையிலா வணிக உடன்பாட்டுக்கு மேலவையில் கிடைத்த வாக்கு 61. எதிர் வாக்கு 38. ‘உடன்படிக்கை’ என்று பெயரிட்டிருந்தால் அது தோற்றிருக்கும். ‘உடன்பாடு’ என்று பெயரிட்டமையால் இரு அவைகளிலும் வெறும் பெரும்பான்மையே போதுமாயிற்று. ஒரு சொல் மாறியது, காவல் கழன்றது. சொல்லைப் பற்றி நாம் இத்துணைக் கவலை கொள்வது ஏன் என நம்மை நகைப்போர் இதற்கு என்ன விடை சொல்வர்?

2025-இல் திரம்பு காட்டியது 1977-ஆம் ஆண்டின் நெருக்கடிக்காலப் பொருளியற் சட்டம். தலைவரின் நெருக்கடிக்கால வல்லாண்மைக்கு வரம்பு கட்டவே அச்சட்டம் பிறந்தது என்பது நகைப்புக்குரியது. (அதே 1977-இல்தான் இந்திராவின் நெருக்கடி நிலை இங்கு நீங்கிற்று.) அதில் ‘இறக்குமதியை ஒழுங்குபடுத்தல்’ என்றுளதே அன்றித் தீர்வை என்னும் சொல்லே இல்லை. கல்விப் பொம்மை விற்போரும் தேறல் இறக்குமதி செய்வோருமாகிய சிறு வணிகர் வழக்குத் தொடுத்தனர். மூன்று படிகளிலும் அவர்களே வென்றனர். 2026 பிப்ரவரி 20-இல், நடுவர் ஒன்பதின்மருள் அறுவர், அச்சட்டம் தீர்வை விதிக்க இடந்தரவில்லை என்று தீர்ப்புரைத்தனர். தலைவரோ உடனே 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 122-ஆம் பிரிவைப் பற்றினார். அதுவும் பேராயம் கொடுத்த இரவலே. 150 நாள் எல்லையுடையது.

இதற்கிடையே திருப்பூர் பட்டது என்ன? 2025 ஆகசுடு 7-இல் இந்தியப் பொருள்மீது 25 விழுக்காடு, 27-இல் உருசிய எண்ணெய் வாங்கியதற்காக மேலும் 25. எண்ணெய் வாங்கியது தில்லி முடிவு, தண்டம் இட்டது வாசிங்டன், தாக்குண்டது நம் பின்னலாடைத் தொழிலாளி. உலக வணிக அமைப்பில் முறையிடலாமெனின், அதன் மேல்முறையீட்டு ஆயம் 2019 திசம்பரிலேயே செயலிழந்தது. புது உறுப்பினர் அமர்த்தத்தைத் தடுத்ததும் அமெரிக்காவே.

அமெரிக்கரைப் பழித்து நாம் மகிழ்வதற்கில்லை. அங்குப் பேராயம் இழந்த உரிமையை, இங்கு நாடாளுமன்றம் பெற்றதேயில்லை. 1994 ஏப்பிரல் 15-இல் மராக்கேசு நகரில் உலக வணிக அமைப்பு உடன்பாட்டில் நடுவணரசு ஒப்பமிட்டபோது, அதற்கு முன் நாடாளுமன்ற இசைவு பெறவேண்டுமென்று எச்சட்டமும் கட்டளையிடவில்லை. வேளாண்மை மாநிலப் பட்டியலில் 14-ஆம் பதிவு. ஆயினும் அயல்நாட்டு உடன்பாட்டை நிறைவேற்ற, மாநிலப் பொருள்மீதும் தில்லியே சட்டமியற்றலாம் என்கிறது 253-ஆம் பிரிவு. நெல்லின் தலையெழுத்தைத் தில்லி அமைச்சரவை எழுதும். தஞ்சை உழவன் செய்தித்தாளில் படித்தறிவான். வணிக உடன்பாடு ஒப்பமிடப்படுமுன் நாடாளுமன்றத்திலும், அப்பொருள் விளையும் மாநிலத்தின் சட்டமன்றத்திலும் வாக்குக்கு வரவேண்டும் என்று நாம் கேட்கிறோம். அத்தகைய சட்டம் ஒன்று இன்றளவும் இயற்றப்படவில்லை.