ஃபிலிம் கழுவுங்க, கூல்டிரிங்க்ஸ் பாட்டில் மட்டும் வேண்டாம்

1/ கருப்பு வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே கழுவி, ஸ்கேன் பண்ற நண்பர்களுக்கு. அருமையான பொழுதுபோக்கு, தாராளமா செய்யுங்க. ஒரு விஷயத்துல மட்டும் டாக்டரா கறாரா சொல்றேன்.

2/ டெவலப்பர் காத்து பட்டா கெட்டுப்போகும். அதனால காலி கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல ஊத்தி, நசுக்கிக் காத்தை வெளியேத்தி மூடி வைக்கிற பழக்கம் இருக்கு. தயவுசெஞ்சு வேண்டாம். டி-76 கரைசல் பார்க்க தண்ணி மாதிரியே இருக்கும். குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது. தூக்கக் கலக்கத்துல உங்களுக்கே தெரியாது.

3/ அதுல மெட்டால், ஹைட்ரோகுவினோன் இருக்கு. 'ஹைட்ரோகுவினோன் மங்குக்குத் தர்ற க்ரீம்ல இருக்கிறதுதானே' என்று நினைக்காதீங்க. தோல்ல பூசுறது வேற, குடிக்கிறது வேற. மெட்டால் சிலருக்குக் கையில அலர்ஜி கொண்டுவரும். நைட்ரைல் கையுறை போடுங்க.

4/ பழுப்புக் கண்ணாடி பாட்டில் வாங்கி, கழுத்து வரை நிரப்புங்க. காத்துக்கு இடமே இருக்காது. பெயர், தேதி எழுதி, பூட்டுற அலமாரியில வைங்க. ஃப்ரிட்ஜ் கூடவே கூடாது. டெவலப்பர் கெட்டா மறுபடி கலக்கிக்கலாம்.

5/ யாராவது தவறுதலா குடிச்சிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க. அந்த கெமிக்கல் பாக்கெட்டையும் எடுத்துக்கிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.