பரணிலிருந்து வந்த பம்பரம்

பழைய பல்லாங்குழிப் பலகையைப் போற்றி வைக்காத வீடு நம் பக்கத்தில் அபூர்வம். அது கல்யாணச் சீரோடு வந்த வஸ்து. ஆடி முடித்ததும் துடைத்துப் பெட்டிக்குள் வைக்கப்படுவது. பம்பரத்தின் ஜாதகமோ வேறு. உடைபடுவதற்கென்றே பிறந்தது அது. வட்டத்துக்குள் சிறைப்பட்ட பம்பரத்தின் தலையிலே மற்றப் பையன்கள் தத்தம் பம்பரத்து ஆணியால் குத்துவார்கள். குத்துக்கு ஓர் 'ஆக்கர்' விழும். குத்து வாகாய் இறங்கிவிட்டால் கட்டை இரண்டாய்ப் பிளந்துபோகும். பிளந்த கட்டை அடுப்புக்குப் போகும். தப்பிப் பிழைத்த பம்பரத்தையும் பையன் பெரியவனானதும் யாரும் தேடுவதில்லை. ஆகையினாலேதான், பல்லாங்குழிப் பலகைகளை வரிசையாய்ச் சாத்தி வைத்திருக்கும் பழம்பொருள் கடையிலும் பழைய பம்பரம் ஒன்று கண்ணில் படுவது அரிதாயிருக்கிறது.

புதுக்கோட்டை ஜில்லாவில் அரிமளம், ராயவரம், கடியாபட்டி, கோனாபட்டு, பொன்னமராவதி முதலிய ஊர்களில் உள்ள நகரத்தார் வீடுகளை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். 1942-ல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது, அங்கே லேவாதேவி நடத்திவந்த குடும்பங்கள் பல, பெரும்பொருளை விட்டுவிட்டுத் திரும்ப நேர்ந்தது. பிறகு பங்குகள் பிரிந்தன. வாரிசுகள் பட்டணங்களுக்குக் குடிபோனார்கள். கட்டுக்குக் கட்டு பூட்டுத் தொங்கலாயிற்று. சில வீடுகள் பிரிக்கவும் பட்டன. அவ்விதம் பிரிபட்ட வீட்டுத் தூண்களும், கதவுகளும், பீங்கான் ஜாடிகளும், மரவைகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் வந்து குவிந்தன. பரணில் கிடந்ததை மொத்தமாய் விலைபேசி எடுத்து வரும்போது, கரண்டிகளுக்கும் ஒடிந்த மரப்பாச்சிகளுக்கும் அடியில் எப்போதாவது ஒரு பம்பரமும் சேர்ந்து வந்துவிடும். எந்த ஊர், எந்த வீடு என்ற விவரம் மட்டும் அதனோடு வருவதில்லை.

அமெரிக்காவில் பழைய மர யோயோக்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் அநேகர். அவர்களுடைய பாடு சுலபம். பிலிப்பைன்ஸ் தேசத்திலிருந்து குடியேறிய பெத்ரோ புளோரஸ் என்பவர் 1928-ல் கலிபோர்னியாவில் யோயோ செய்து விற்கத் தொடங்கினார். சில வருஷங்களுக்குள் டங்கன் என்ற வியாபாரி அத்தொழிலை விலைக்கு வாங்கிப் பெருக்கினார். அந்தச் சரக்கிலே பெயர் முத்திரை உண்டு. முத்திரையைக் கொண்டு காலத்தைக் கணித்துவிடலாம். நம் ஊர்த் தச்சரோ, கடைசல்காரரோ பம்பரத்தில் பெயர் பொறித்தாரா? இல்லை. கட்டையே தன் கதையைச் சொன்னால்தான் உண்டு. (நியூயார்க் மாகாணத்து ராச்செஸ்டர் நகரில் விளையாட்டுப் பொருள்களுக்கென்று ஒரு காட்சிசாலை இருக்கிறது. அதன் கீர்த்தி மண்டபத்தில் யோயோவுக்கு 1999-லேயே இடம் கொடுத்துவிட்டார்கள். பம்பரத்துக்கு 2022-ல்தான் கொடுத்தார்கள். தம்பிக்குப் பந்தி வைத்த பிறகு அண்ணனை அழைத்த கதைதான்.)

கட்டை சொல்லும் கதையில் முதலாவது, வட்டம். மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவாய்ச் சுருங்குவதில்லை. மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் உள்ள சுருக்கத்தைக் காட்டிலும், ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுருக்கம் ஏறக்குறைய இரு மடங்கு. ஆகவே, ஈரம் முற்றிலும் வற்றாத கட்டையில் உருண்டையாய்க் கடைந்த பம்பரம், காலக்கிரமத்தில் மிகச் சிறிதளவு நீள்வட்டமாகிவிடும். இதைக் காணக் கருவி வேண்டியதில்லை. கனமான இரண்டு புத்தகங்களை எதிரெதிரே நிறுத்தி, நடுவே பம்பரத்தைப் பிடித்து மெல்லத் திருப்புங்கள். ஓரிடத்தில் இறுக்கமும் கால் சுற்றுத் தள்ளி நெகிழ்வும் தெரிந்தால், கட்டைக்கு வயதாகியிருக்கிறது என்று கொள்ளலாம். அரிவாளால் செதுக்கிய பம்பரத்துக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அது என்றைக்குமே வட்டமாயிருந்ததில்லை.

இரண்டாவது, ஆணி. பழைய ஆணி கொல்லுப்பட்டறையில் தட்டிய சதுர ஆணி. இயந்திரத்தில் இழுத்த உருண்டைக் கம்பி ஆணி பிற்பாடு பரவியது. ஆனால் ஆணியைவிட ஆணியைச் சுற்றியுள்ள கறையே நம்பத்தகுந்த சாட்சி. மரத்திலுள்ள துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் கூடினால் கறுக்கும். கடுக்காயோடு அன்னபேதியைச் சேர்த்து நம் முன்னோர் மை கூட்டியதும் இதே நியாயத்தினால்தான். நெடுநாள் இருந்த ஆணியைச் சுற்றிக் கரிய வளையம் ஒன்று மரத்துக்குள் ஊறியிருக்கும். வளையம் சதுரமாகவும் ஆணி உருண்டையாகவும் இருந்தால், ஆள் மாறாட்டம் நடந்திருக்கிறது.

மூன்றாவது, ஆக்கர். எதிரி மேலிருந்துதான் குத்துவான். ஆகையால் காயங்கள் தலையிலும் தோளிலுமே இருக்கவேண்டும். அடிவயிற்றிலும் ஆணியோரத்திலும் சமமாய்ப் பரவியிருந்தால், குத்தியவன் பையனல்லன், வியாபாரி. நிஜமான பழங்காயத்துக்குள் அழுக்கும் எண்ணெயும் ஏறிக் கறுத்திருக்கும். புதுக் காயம் வெளுப்பாய்ப் பல்லிளிக்கும்.

நான்காவது, வர்ணம். இதில் ஏமாறுகிறவர்களே அதிகம். நம் நாட்டு அரக்கு ஒரு பூச்சியினால் உண்டாவது. கட்டையைப் பட்டறையில் சுழலவிட்டு, வர்ணம் சேர்த்த அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வுச் சூட்டில் அரக்கு இளகி ஏறும். தாழை மடலால் தேய்த்தால் மெருகு வரும். அம்பாசமுத்திரத்துச் சொப்புகளும் மைசூர்ச் சீமைச் சென்னபட்டணத்துப் பொம்மைகளும் இந்த வகை. பர்மா அரக்கோ மரத்தின் பாலிலிருந்து எடுப்பது; ஜாதியே வேறு. ஸ்பிரிட் தோய்த்த பஞ்சினால் மறைவான ஓரிடத்தில் ஒற்றிப் பார்த்தால், நம் அரக்கு கரைந்து பஞ்சில் ஒட்டும். நன்றாய் இறுகிய பர்மா அரக்கு அசையாது.

அண்மையில் அரிமளத்து அன்பர் ஒருவர், விலைக்கு வாங்கிய பம்பரம் ஒன்றை நம்மிடம் கொண்டுவந்தார். சிவப்பும் பளபளப்புமாய்க் கண்ணைப் பறித்தது. "பர்மா அரக்குப் பம்பரம், செட்டியார் வீட்டுச் சரக்கு" என்று சொல்லிக் கொடுத்தார்களாம். கேட்டதும் கொடுத்ததும் எவ்வளவு என்பதை வெளியிடவேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டதால் விடுகிறோம். பஞ்சை ஒற்றினோம், சிவந்துவிட்டது. பர்மாவின் சங்கதி அத்துடன் தீர்ந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், ஆக்கர்களின் குழிக்குள்ளேயும் சிவப்புத் தேங்கியிருந்தது. பட்டறையில் ஏற்றும் அரக்குக் குச்சி குழியைத் தாண்டிப் போய்விடும். குழிக்குள் இறங்குவது தூரிகைதான். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை யாரோ பின்னால் பூசியிருக்கிறார்கள். ஆணியும் துருவில்லாத கம்பி ஆணி. அதைச் சுற்றிச் சதுரக் கறை.

அன்பரின் முகம் வாடிவிட்டது. "அப்படியானால் போலியா, ஸார்?" என்றார். போலியன்று என்பதுதான் இதில் வருத்தமான விஷயம். புத்தகச் சோதனையில் கட்டை நன்றாகவே நீள்வட்டம் காட்டிற்று. தோளைச் சுற்றி ஏழு ஆக்கர்கள்; அடியில் ஒன்றுகூட இல்லை. சாட்டை சுற்றிச் சுற்றி வழவழப்பாகிய வரிகளும் தென்பட்டன. கையில் கனத்தது, பொம்மைக்கு எடுக்கும் இலேசான கட்டையன்று, சண்டைக்கென்றே தேர்ந்த வைரம் பாய்ந்த கட்டை. ஏழு குத்து வாங்கியும் பிளக்காமல் வட்டத்தை விட்டு வெளியேறிய நிஜமான பழம் பம்பரம் அது. விலையை ஏற்றுவதற்காக அதற்குச் சிவப்புப் பூசி, ஆணியைப் பிடுங்கி, அதன் பூர்வோத்தரத்தையே மறைத்துவிட்டார்கள். பூச்சை முழுவதும் கழுவிவிடலாமா என்று கேட்டார். கூடாதென்றோம். ஸ்பிரிட் பூச்சோடு பழைய அழுக்கையும் பெயர்த்துக்கொண்டு போய்விடும். ஆக்கருக்குள் இருக்கும் அந்த அழுக்குத்தான் மிச்சமிருக்கிற சாட்சி.

புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் 1910 முதல் பொருட்காட்சிசாலை இருக்கிறது. அங்கே சென்று வருகிற குடும்பத்தார் சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் பார்ப்பதோடு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் இருக்கும் சிறு சீட்டையும் கவனிக்கவேண்டும். இன்ன ஊரில் கிடைத்தது என்ற ஒரு வரி அதில் இருக்கும். பரணை ஒழிக்கும்போது பம்பரமொன்று கிடைத்தால் அந்த ஒரு வரியை நாமே எழுதலாம்: ஊர், வீடு, ஆடியவர் பெரியப்பாவா, தாத்தாவா என்பது. பென்சிலால் ஒரு துண்டுக் கடுதாசியில் எழுதி நூலால் கட்டினால் போதும். கட்டைமேல் எழுதவேண்டாம், எண்ணெய் தடவவேண்டாம், வெயிலில் வைக்கவேண்டாம், வர்ணம் வேண்டவே வேண்டாம். சாட்டையும் கூடக் கிடந்தால், கிழிசல் கயிறென்று அதை எறிந்துவிடாதீர்கள். சாட்டையோடு சேர்ந்து கிடைத்த பழம் பம்பரம் ஒன்றை நாம் இதுவரை கடைகளில் கண்டதில்லை.