ஆயிரம் லிங்க் பத்தாயிரம் ரூபா: யாருக்கு யார் சாட்சி?



நீளமான பதிவு. ஒன்லைனில் கடை நடத்துகிறவர்களும், உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் கடைசி வரை வாசியுங்கள். மற்றவர்கள் நேரம் கிடைத்தால் வாசியுங்கள்.

கொஞ்ச நாளாக நமது ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு போஸ்டர் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆயிரம் பேக்லிங்க், பத்தாயிரம் ரூபா, முப்பது நாளில் கூகுள் முதல் பக்கம், கேரண்டி. மேல் மூலையில் பிஸ்மி வேறு. நாங்கள் இதைப் பார்த்தும் பேசாமல் இருந்தோம். நம் பிள்ளைகள் ஏதோ உழைக்கிறார்கள், ஏன் தடுப்பான் என்று நினைத்தோம். அது எங்கள் பிழை.

மருதமுனைக் கைத்தறிச் சாரனும் சாரியும் விற்கிற ஒரு நானா, பெக்கேஜுக்குக் காசு கட்டி மூன்று மாதம் கழித்து எங்களிடம் வந்தார். "சேர், லிஸ்ட் தந்திருக்கான், ஆயிரம் இருக்கு. ஆனா ஒரு ஓடரும் வரல்ல" என்றார். ஓர் இரவு இஷாவுக்குப் பிறகு உட்கார்ந்து அந்த லிஸ்டை ஒவ்வொன்றாகத் திறந்தோம். நாற்பதுக்கு மேல் திறக்க மனம் வரவில்லை. பாதி திறக்கவேயில்லை. திறந்தவற்றில் ஒன்று நாய்ச் சாப்பாடு பற்றியது. ஒன்று எந்த மொழியென்றே எங்களுக்கு விளங்கவில்லை. பல, சூதாட்டத் தளங்கள். கெஸினோ விளம்பரங்களுக்கு நடுவில் நம் நானாவின் சாரிக் கடைப் பெயர், ஒரு மொட்டை வசனத்துக்குள் சொருகியிருக்கிறது. அவரிடம் காட்டினோம். வட்டி வாங்காத, ஒரு முழம் குறைத்து அளக்காத மனிதர். சூதுக் கடை வாசலில் தன் பெயர்ப் பலகை தொங்குவது அவருக்கே தெரியாது.

பேக்லிங்க் என்றால் என்ன? இன்னொருவரின் இணையத்தளம் உங்கள் தளத்தைக் காட்டி, இங்கே போய்ப் பாருங்கள் என்று தருகிற இணைப்பு. அவ்வளவுதான். இதை ஏன் கூகுள் மதிக்கிறது என்பதில்தான் எல்லாக் குழப்பமும் தொடங்குகிறது. 1998இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்த லெரி பேஜும் செர்ஜி பிரின்னும் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் மூல யோசனை இது: ஒரு பக்கத்தில் என்ன சொல் எத்தனை தடவை வருகிறது என்று மட்டும் எண்ணினால் போதாது, யார் அந்தப் பக்கத்தைக் காட்டுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளை மற்ற ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டுவது போல. போஸ்டர் அடிப்பவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்கடுத்த வரிதான் முக்கியம். காட்டுகிறவரின் தகுதியைப் பொறுத்துத்தான் அந்தக் காட்டலுக்குப் பெறுமதி. அதுவும் அவர் எத்தனை பேரைக் காட்டுகிறாரோ அத்தனையாகப் பிரிந்து போகும். ஆயிரம் பேருக்கு லிங்க் விற்ற பக்கத்திலிருந்து உங்களுக்கு வருவது அதில் ஒரு துணுக்கு.

நம் மக்களுக்கு இது புதிய விடயமா? ஹதீஸ் கலையைக் கொஞ்சமாவது கேட்டவர்களுக்கு அறிவிப்பாளர் வரிசை என்றால் என்னவென்று தெரியும். ஒரு செய்தியை எத்தனை பேர் சொன்னார்கள் என்பதற்கு முன்னால், சொன்னவர் யார், நம்பத்தக்கவரா, யாரிடம் கேட்டார் என்று இமாம்கள் துருவித் துருவிப் பார்த்தார்கள். பொய்யர் என்று அறியப்பட்ட நூறு பேர் சேர்ந்து சொன்னாலும் அந்தச் செய்தி பலப்படுவதில்லை. ஜும்ஆ பயானில் இதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, திங்கட்கிழமை போய் ஆயிரம் பொய்ச் சாட்சியைப் பத்தாயிரத்துக்கு வாங்குகிறோம். ஒரு சாட்சி பத்து ரூபா. இன்று ஒரு பிளேன்டீ அதைவிட விலை கூட.

எண்ணிக்கை கூடினால் இடம் கூடும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் முழுப் பொய்யாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஜே.சி. பென்னி என்ற பெரிய துணிக்கடை நிறுவனத்தின் கதை 2011 பெப்ரவரியில் நியூயோர்க் டைம்ஸில் வந்தது. ஆடை, படுக்கை விரிப்பு, கம்பளம், எதைத் தேடினாலும் அவர்கள்தான் முதலில். துணிக்குச் சம்பந்தமேயில்லாத ஏராளமான தளங்களில் அவர்களுக்கான லிங்குகள் நடப்பட்டிருந்தன. தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று நிறுவனம் சொன்னது. கூகுள் கை வைத்ததும், ஒரு பயணப் பெட்டிக்கான தேடலில் முதலாம் இடத்திலிருந்தவர்கள் இரண்டு மணித்தியாலத்தில் 71ஆம் இடத்துக்குப் போனார்கள். அடுத்த வருடம், 2012 ஏப்ரல் 24, பெங்குவின் என்று பெயரிட்ட மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்தது. போலி லிங்கால் மேலே ஏறிய தளங்கள் உலகமெங்கும் சரிந்தன. 2016இல் அது கூகுளின் அடிப்படைக் கணிப்புக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. இப்போது பெரும்பாலும் தண்டனைகூட இல்லை, அந்த லிங்குகளைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். அதாவது நம் நானா கட்டிய காசுக்கு நன்மையுமில்லை, தீமையுமில்லை, ஒன்றுமேயில்லை. ஆனால் எல்லோருக்கும் அப்படி முடியும் என்று சொல்ல மாட்டோம். மனிதர் பார்த்துக் கையால் தண்டிக்கும் முறையும் இன்னும் இருக்கிறது. காசுக்கு லிங்க் வாங்குவதும் விற்பதும், அது தேடலில் இடம் பிடிப்பதற்கென்றால், விதிமீறல் என்று கூகுள் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. விளம்பரம் என்றால் விளம்பரம் என்று குறியிட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

இதைச் சொன்னபோது போஸ்டர்த் தம்பி ஒருவர் எங்களுக்கு அனுப்பிய பதில்: "சேர், எங்கட சைட் எல்லாம் டிஏ அறுபதுக்கு மேல." டிஏ என்பது டொமைன் ஒதோரிட்டி. நூறுக்கு இத்தனை என்று புள்ளி. நம் ஆட்களுக்குப் புள்ளி என்றால் ஒரு மயக்கம், பரீட்சைச் சமூகம் அல்லவா. ஆனால் அந்தப் புள்ளியைப் போடுவது கூகுள் அல்ல. மொஸ் என்ற தனியார் நிறுவனம் தன் கருவிக்காகப் போடுகிற மதிப்பீடு அது. கூகுள் தன் தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று அந்த நிறுவனமே சொல்கிறது. கூகுள் தானாகக் காட்டிய பேஜ்ரேங்க் புள்ளியையும் 2016இல் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. எடுத்ததற்கு ஒரு காரணம் இதுதான், அந்தப் புள்ளியைக் காட்டியே சந்தை போட்டு லிங்க் விற்றார்கள்.

இன்னொரு கதை, கொமன்ட் போட்டு லிங்க் நடுவது. இதுதான் எங்களுக்கு வயிற்றெரிச்சல். நாங்கள் படிப்பித்த பிள்ளைகள், தொழில்நுட்பப் பிரிவில் கெட்டிக்காரர்கள், "டேட்டா என்ட்ரி வேலை" என்று சொல்லி இரவு பன்னிரண்டு மணிவரை முன்பின் தெரியாத தளங்களில் "நல்ல பதிவு, நன்றி" என்று எழுதி அடியில் ஒரு லிங்கைப் போடுகிறார்கள். எண்ணிக்கைக்குக் கூலி. இந்த வித்தைக்கு 2005 ஜனவரியிலேயே வழி அடைத்தாயிற்று. நோஃபலோ என்று ஒரு குறி. அது போட்ட லிங்குக்குச் சாட்சி மதிப்புக் கொடுக்க வேண்டாம் என்று பொருள். கூகுள், யாஹூ, எம்எஸ்என் மூன்றும் சேர்ந்து ஏற்றுக்கொண்டன. விக்கிபீடியா 2007இலிருந்து வெளி லிங்குகளுக்கெல்லாம் அதைப் போட்டிருக்கிறது. நம் பிள்ளை பிறந்த காலத்தில் செத்துப்போன ஒரு வித்தைக்கு, அந்தப் பிள்ளையையே நாட்கூலிக்குப் பிடித்திருக்கிறார்கள். அதே இரவுகளில் அவன் ஒரு பைத்தன் புரோகிராம் எழுதப் பழகியிருக்கலாம். பெற்றோரே, பிள்ளை கொம்பியூட்டரில் உழைக்கிறான் என்று சந்தோசப்படுவதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து என்ன எழுதுகிறான் என்று ஒருமுறை பாருங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம் போய், லிங்க் என்பதே மோசடி, கூகுள் அதைப் பார்ப்பதேயில்லை என்று சொல்கிறவர்களும் வந்துவிட்டார்கள். அதுவும் பிழை. நல்ல இடத்திலிருந்து தானாக வருகிற லிங்குக்கு இன்றும் பெறுமதி இருக்கிறது. கேள்வி, அது ஏன் வர வேண்டும் என்பது. நானாவின் தளத்தில் என்ன இருந்தது தெரியுமா? எட்டுப் படம், ஒரு தொலைபேசி இலக்கம், "தரமான ஆடைகள்" என்று ஒரு வரி. அதை யார், எதற்காகக் காட்டுவார்கள்? அவரிடம் பேசிப் பாருங்கள், கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் கரையைத் தடவியே வித்தியாசம் சொல்வார். நூல் எங்கிருந்து வருகிறது, சாயம் ஏன் முதல் கழுவலில் கொஞ்சம் விடுகிறது, ஒரு சாரியை நெய்ய எத்தனை நாள், எல்லாம் விரல் நுனியில். அதில் ஒரு சொல்லும் அவர் தளத்தில் இல்லை. அதை எழுதினால் ஒலுவில் பல்கலைக்கழகத்தில் நெசவு பற்றி ஒப்படை செய்யும் பிள்ளை காட்டும், கொழும்பில் கைத்தறி தேடுகிறவர் காட்டுவார். ஐந்து பேர் காட்டினாலும் ஐந்தும் உண்மைச் சாட்சி.

அறுகம்பேயில் அறை வாடகைக்கு விடுகிற நம் சகோதரர்களுக்கும் இதுதான். அலைச் சீசன் எந்த மாதம் தொடங்குகிறது, பொத்துவிலுக்கு எந்த பஸ்ஸில் வருவது, ஓட்டோவுக்கு நியாயமான காசு எவ்வளவு, இதை நேர்மையாக எழுதி வைத்த ஒரு பக்கத்தை வெள்ளைக்காரன் தன் நண்பனுக்கு அனுப்புவான். அதோடு, ஊருக்குள் ஆள் தேடுகிற கடைகளுக்குக் கூகுள் வரைபடத்தில் இடத்தைச் சரியாகப் பதிவது லிங்கைவிட முதல் வேலை. பொருத்தம், தூரம், அறியப்பட்ட அளவு, இந்த மூன்றையும்தான் பார்க்கிறோம் என்று கூகுளே சொல்கிறது. பதிவதற்குக் காசுமில்லை. திறக்கும் நேரத்தைச் சரியாகப் போடுங்கள், நோன்பு காலத்தில் மாற்றுங்கள். மச்சான் மச்சினனை வைத்துப் பொய் ரிவியூ எழுத வேண்டாம், அதுவும் இதே சாட்சிக் கதைதான்.

கடைசியாக ஒன்று. எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தோம். நானாவின் லிஸ்டில் முப்பதாவதோ என்னவோ, ஒரு முகவரி எங்களுக்குப் பழக்கமாக இருந்தது. நமது பக்கத்துப் பாடசாலையொன்றின் பழைய மாணவர்கள் ஒரு காலத்தில் நடத்திய இணையத்தளம். பெயர் சொல்லவில்லை. வருடக் கட்டணத்தைக் கட்ட யாரும் நினைக்கவில்லை, முகவரி கைவிடப்பட்டது, எவனோ வாங்கிவிட்டான். பழைய அதிபரின் படம் இருந்த பக்கத்தில் இப்போது சூதாட்டக் கட்டுரை. அந்த முகவரிக்கு வருடக்கணக்காகச் சேர்ந்திருந்த நல்ல பெயரைத்தான் அவன் வாங்கியிருக்கிறான், விற்கிறான். இப்படிக் காலாவதியான முகவரிகளை வாங்கி ஏமாற்றுவதை 2024 மார்ச்சில் கூகுள் தனியான குற்றமாகவே அறிவித்தது. ஆனால் முகவரியை நமக்கு மீட்டுத் தருவது அவர்கள் வேலையல்ல.

பள்ளிவாசல், மத்ரஸா, பாடசாலை, விளையாட்டுக் கழகம், எதற்காவது இணையத்தளம் வைத்திருப்பவர்கள், முகவரி யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது, எந்தத் திகதியில் முடிகிறது என்று இந்தக் கிழமையே பாருங்கள். செய்து தந்த தம்பி வெளிநாடு போயிருந்தால் அவரைப் பிடித்துக் கடவுச்சொல்லை வாங்குங்கள். பார்க்கத் தெரியாதவர்கள் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலைக் கணினி அறைக்கு வாருங்கள், நாங்கள் இருப்போம். பெக்கேஜ் வாங்கியவர்களும் அந்த லிஸ்டைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து திறந்து பார்ப்போம்.