ஆற்றலரியும் கட்டுக்குள் இருக்கட்டும்



லேவியராகமம் 23:40-ல் வரும் மரங்களின் பெயர்களை நாம் விரைவாக வாசித்துக் கடந்துவிடுகிறோம். யூதரோ அவ்வசனத்தை இன்றளவும் தங்கள் கைகளில் ஏந்தி நிற்கிறார்கள்.

நிலத்தின் பலனைச் சேர்த்து முடித்தபின், ஏழாம் மாதம் 15-ஆம் தேதி கூடாரப் பண்டிகை தொடங்குகிறது. அப்போது பேரீச்சங்குருத்து ஒன்று, மிருதுச்செடிக் கிளைகள் மூன்று, ஆற்றலரிக் கிளைகள் இரண்டு ஆகியவற்றை ஒரே கட்டாகக் கட்டி வலக்கையில் பிடிக்கிறார்கள். நாரத்தை இனத்தைச் சேர்ந்த எத்ரோக் என்னும் கனியை இடக்கையில் ஏந்துகிறார்கள். கட்டளையை நிறைவேற்றுமுன் தேவனை ஸ்தோத்திரிக்கவேண்டும் என்பது அவர்கள் முறைமை. ஆகையால் ஸ்தோத்திரம் சொல்லும்வரை கனியைத் தலைகீழாகப் பிடித்திருந்து, அதன்பின்பே நிமிர்த்துகிறார்கள். பின்பு இரு கைகளையும் சேர்த்து, நான்கு திசைகளிலும், மேலும் கீழும் அசைக்கிறார்கள்.

இந்த நான்கிற்கும் பழைய ரபீமார் ஒரு விளக்கம் கூறினர். எத்ரோக்கிற்குச் சுவையும் மணமும் உண்டு. பேரீச்சைக்குச் சுவை உண்டு, மணம் இல்லை. மிருதுச்செடிக்கு மணம் உண்டு, சுவை இல்லை. ஆற்றலரிக்கோ இரண்டும் இல்லை. சுவை என்பது வேத அறிவு. மணம் என்பது நற்கிரியை. ஆயினும் நான்கில் ஒன்று குறைந்தாலும் கட்டளை நிறைவேறாது என்பது அவர்கள் பிரமாணம். விலையுயர்ந்த எத்ரோக் கையில் இருந்தும், ஆற்றங்கரையில் வளரும் அந்த எளிய கிளை இல்லையெனில் பயனில்லை!

பிரியமானவர்களே, நம் பாவநிவாரணம் கிறிஸ்துவின் இரத்தத்தினால் மாத்திரமே என்பது நம் விசுவாசம். ஆனாலும் இவ்வழக்கம் நம் சபைகளை நோக்கி ஒரு கேள்வியை எழுப்புகிறது. வேதம் அறிந்தவருக்கும், தாராளமாய்க் கொடுப்பவருக்கும் நம்மிடையே முன்வரிசை உண்டு. பிந்தி வந்து, வாசலருகே அமர்ந்து, ஜெபம் முடியுமுன் எழுந்துபோகிறவருக்கு என்ன இடம் உண்டு? சந்தா பாக்கி வைத்தவரின் பெயரை நீக்கிவிடலாம் என்று எத்தனை எளிதாகச் சொல்லிவிடுகிறோம்!

சோம்பலையும் அசட்டையையும் பொறுத்துக்கொள்ளவேண்டுமோ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆற்றலரிக்கு மணம் உண்டென்று அந்த ரபீமாரும் சொல்லவில்லை. அதன் குறையை மறைக்காமலே, மற்றவற்றோடு சேர்த்துக் கட்டினார்கள். சரீரத்தில் பலவீனமாய்க் காணப்படும் அவயவங்கள் மிகவும் அவசியமானவை என்று பவுலும் கொரிந்து சபைக்கு எழுதினார். எனவே, ஒரு பெயரை நீக்குமுன் அவர் வீட்டு வாசலில் ஒருமுறையாவது நாம் நின்றிருக்கவேண்டும் என்பதே என் கருத்து. அவர் வராததற்குக் காரணம் வியாதியாயிருக்கலாம், கடனாயிருக்கலாம், நம்மில் ஒருவர் சொன்ன கடுஞ்சொல்லாகவும் இருக்கலாம்.

இந்த வாரம், நெடுநாளாய் ஆலயத்தில் காணாத ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். சந்தாவைப்பற்றிப் பேசாமல், அவரைச் சந்தித்துச் சுகம் விசாரித்து, அவரோடு ஜெபித்து வாருங்கள்.

நம்மை ஒரே சரீரமாக இணைத்த கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.