கண்மாய்க்கு எல்லை எது?

போன மே மாதம் என் தங்கை மகன் போன் செய்தான். “பெரியம்மா, மேலூர் ரோடு பக்கம் ஒரு பிளாட் பார்த்திருக்கேன். பட்டா இருக்கு. அம்பதாயிரம் அட்வான்ஸும் குடுத்துட்டேன். நீங்க ஒரு தடவை வந்து பாருங்க.”

போனேன். நிரவிய தரை, புதுசாக நட்ட கல், கலர் கலராகக் கொடி. பக்கத்தில் கண்மாய் உண்டா என்று கேட்டேன். அரை கிலோமீட்டர் தள்ளித் தெரிந்த கரையைக் காட்டினார் புரோக்கர். “அது அங்க இருக்கும்மா. நமக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.”

நம்மில் பலர் ஏமாறுவது இங்கேதான். கண்மாய், கிணறு மாதிரி சுற்றிலும் சுவர் வைத்ததல்ல. சரிவில் வரும் தண்ணீரைப் பிறை வடிவக் கரை போட்டு மறிக்கிறோம். தண்ணீர் வந்து சேரும் பக்கம் திறந்தே கிடக்கும். கோடையில் அந்த உள்வாயைப் பார்த்தால் பொட்டல் காடு என்றுதான் தோன்றும்.

அப்படியானால் எல்லையை எப்படித் தெரிந்துகொள்வது? கலுங்கிலிருந்து தொடங்குங்கள். கண்மாய் நிரம்பி மறுகால் பாயும் இடம் அது. கலுங்கின் உச்சி எந்த மட்டமோ, அதே மட்டத்தில் தண்ணீர் எதுவரை பரவுமோ, அதுவரை கண்மாய்தான். லெவல் கருவி வைத்து சர்வேயர் அதைக் குறித்துவிடுவார். நம் சமவெளியில் இது சின்ன விஷயமில்லை. நூறு அடிக்கு இரண்டு அங்குலம்தான் சரிவு என்றால், தண்ணீர் ஓரடி உயர்ந்தாலே 600 அடி உள்ளே வந்துவிடும்.

மண்ணும் சொல்லும். வெடித்த கரிசல் வண்டல், அதில் நத்தை ஓடு, ஓரத்தில் கோரை, காட்டாமணக்கு. அமெரிக்காவில் 1987-ல் வந்த ஈரநிலக் கையேடும் செடி, மண், தண்ணீர் என்ற மூன்று அடையாளங்களைத்தான் பார்க்கச் சொல்கிறது. நம் ஊரில் ஆடு மேய்க்கும் தாத்தாவுக்கு இது மனப்பாடம்.

அடுத்து, காகிதம். பட்டாவோடு நிறுத்தாதீர்கள். அ-பதிவேடும் புலப்படமும் அரசு இணையதளத்திலேயே கிடைக்கின்றன, போனிலேயே பார்க்கலாம். உங்கள் சர்வே எண் மட்டும் போதாது. சுற்றியுள்ள எண்களையும் பாருங்கள். கண்மாய், ஓடை, வாய்க்கால் என்று எங்கேயாவது இருந்தால் கிராம வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். காகித எல்லையும் தண்ணீர் எல்லையும் சில இடங்களில் ஒன்றாக இருக்காது. பட்டா நிலத்திலும் தண்ணீர் நிற்கும்.

மதுரைக்கு இது புதுக்கதை இல்லை. தல்லாகுளம், சொக்கிகுளம், பீபீகுளம் என்று பேரில் மட்டும் குளம் மிச்சம். 2004-ல் திறந்த உயர் நீதிமன்றக் கிளையே உலகனேரி கண்மாய் இடத்தில்தான் நிற்கிறது. 2024 அக்டோபரில் ஒரே நாள் கொட்டிய மழையில் செல்லூர் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். தண்ணீர் தன் பழைய இடத்தை மறப்பதில்லை.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் முடியாது. மத்திய அரசின் 2017 ஈரநில விதிகள், பாசனத்துக்காக மனிதர் வெட்டிய நீர்நிலைகளைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நம் கண்மாய்கள் பெரும்பாலும் அந்த வகைதான். தமிழ்நாட்டின் 2007 சட்டம், கண்மாயை அளந்து, எல்லை குறித்து, ஆக்கிரமிப்பை அகற்ற வழி சொல்கிறது. ஆனால் அளந்து முடிக்கும் வரை நம் பிளாட் காத்திருக்குமா?

அன்று கரையோரம் ஆடு மேய்த்தவரைக் கேட்டோம். கையை நீட்டி, கல் நட்டிருந்த இடத்துக்கும் பின்னால் நின்ற கருவேல மரத்தைக் காட்டினார். “பெருகுனா அந்த மரம் வரைக்கும் நிக்கும்த்தா.” புலப்படத்தில் பார்த்தால், மனைகளுக்கு நடுவே ஒரு வாய்க்காலே ஓடியது.

பிளாட் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அந்த அம்பதாயிரம் இன்னும் திரும்பி வரவில்லை. நீங்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே கலுங்கைப் போய்ப் பார்த்துவிடுங்கள்.