ஆணி அடிக்காத வீடு

ஒரு சின்ன டெஸ்ட். நிமிர்ந்து உங்க ரூம் சுவரைப் பாருங்க. என்ன இருக்கு? எக்ஸாம் டைம்டேபிள், மளிகைக்கடை காலண்டர், யாரோ ஒரு சீனியர் ஒட்டிட்டுப் போன ஸ்டிக்கர்ல பாதி. கரெக்டா? என் ஹாஸ்டல் ரூமும் அதே கேஸ்தான். ‘வேலை கிடைக்கட்டும், சொந்தமா வீடு எடுத்து அசத்திடலாம்’னு ஒரு சமாதானம் வேற!

அந்தச் சமாதானத்துல ஓட்டை போட்டவன் என் ஸ்கூல் ஃப்ரெண்ட். நான் சிவில் இன்ஜினீயரிங் பக்கம் ஒதுங்க, அவன் எழும்பூர் கவின் கலைக் கல்லூரிக்கு ஓவியம் படிக்கப் போயிட்டான். 1850-ல ஆரம்பிச்ச காலேஜ் பாஸ்! பேரைப் போட்டா உதைப்பேன்னு சொல்லியிருக்கான். அதனால ‘நம்மாளு’ன்னே வெச்சுக்குவோம்.

நம்மாளு வீடு மேற்கு சைதாப்பேட்டையில ஒரு மாடி போர்ஷன். வாடகை வீடு. ஹவுஸ் ஓனர் போட்ட முதல் கண்டிஷன், சென்னையில குடியிருக்குற எல்லாருக்கும் மனப்பாடமான அதே வசனம்: ‘‘சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது.’’

கதவைத் திறந்தா, ஆறடி அகலத்துக்கு ஒரு கண் நம்மளை முறைக்குது. ஹாலையும் கிச்சனையும் பிரிக்கிற திரையே அதுதான். வினைல் ஃபிளெக்ஸ் வர்றதுக்கு முன்னாடி சினிமா பேனரெல்லாம் துணியில, கட்டம் கட்டமா பிரிச்சு, கையாலதான் வரைஞ்சாங்க. அப்படி வரைஞ்ச ஒரு பெரியவர்கிட்ட மிச்சம் இருந்த ஒரு துண்டு இது. எந்த ஹீரோவோட கண்ணுன்னு கேட்டா, ‘‘கண்டுபிடி பார்க்கலாம்’’னு சிரிக்கிறான்.

அடுத்து விளக்கு. காலேஜுக்குப் பக்கத்துல இருக்குற புதுப்பேட்டையில, எடை போட்டு வாங்கின புல்லட் ஹெட்லைட். பேனா ஸ்டாண்டு ஒரு பழைய பிஸ்டன். காரைக்குடியில ஒரு வீட்டை இடிச்சப்போ பொறுக்கிட்டு வந்த ஆத்தங்குடி கல் ஏழு. எதுவுமே ஒண்ணோட ஒண்ணு ஜோடி கிடையாது. அதுங்களைப் பலகையில பதிச்சு டீப்பாய் ஆக்கியிருக்கான். பக்கத்துலயே அம்மாவோட தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை, ஃபேன் காத்துக்கு எல்லாத்துக்கும் ‘சரி சரி’ன்னு தலையாட்டிட்டு இருக்கு.

இதுல எதுவும் சுவரைத் தொடலை! பரண் விளிம்புல ‘எஸ்’ கொக்கி, ஜன்னல் கம்பியில கயிறு, ரெண்டு பீரோவுக்கு நடுவுல மூங்கில் கழி. படங்கள் எல்லாம் கயித்துல துணி காயற மாதிரி கிளிப்புல தொங்குது.

‘‘ஏன்டா இவ்வளவு கஷ்டம்? ஒரே ஒரு ஆணி அடிச்சா ஓனருக்குத் தெரியவா போகுது?’’ன்னு கேட்டேன். சிரிப்பை நிறுத்திட்டான்.

எட்டாவது படிக்கும்போது, அப்போ இருந்த வீட்டுச் சுவர்ல ஒரு பெரிய ஆலமரம் வரைஞ்சிருக்கான். காலி பண்ற நாள்ல அந்த ஓனர் அட்வான்ஸ்ல மூவாயிரம் ரூபாயைப் பிடிச்சுட்டார். அது பத்தாதுன்னு, மரத்து மேல சுண்ணாம்பு அடிச்சது அவனோட அப்பா. டெய்லர். ‘‘ரெண்டு கோட்டிங் அடிச்சும் மரம் லேசா தெரிஞ்சுது மச்சி. மூணாவது கோட்டிங் அடிக்கும்போது அப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. அன்னைக்கு வீட்ல யாரும் பேசலை.’’ அதுக்கப்புறம் அவன் எந்த வீட்டுச் சுவரையும் தொட்டதில்லை.

சரி, மாடிக்குப் போவோம். ரோஜாத் தோட்டத்தை எதிர்பார்க்காதீங்க. பெயின்ட் பக்கெட்ல கற்பூரவல்லி, மீன் வர்ற தெர்மாகோல் பெட்டியில கீரை, உடைஞ்ச வாஷ்பேசின்ல அல்லி, கைப்பிடிச் சுவரோரமா கயித்துல ஏறுற சங்குப்பூ. நம்ம சிவில் மூளை சும்மா இருக்குமா? ஈரமண் ஒரு கன மீட்டருக்கு ஒன்றரை டன்னுக்கு மேல வரும். இருபது லிட்டர் பக்கெட்டை மண்ணால ரொப்பினாலே முப்பது கிலோ! ‘‘தளம் தாங்குமாடா?’’ன்னு பதறினேன். அவன் கூலா ஒரு பக்கெட்டை ஒத்தைக் கையில தூக்கிக் காட்டினான். செம்மண், மண்புழு உரம் எல்லாம் கொஞ்சம்தான், பெரும்பகுதி தென்னைநார்த் தூள். கனமான தொட்டியெல்லாம் நடுத்தளத்துல இல்லாம, கீழே சுவர் வர்ற ஓரத்துல. நான் ரெண்டு செமஸ்டர்ல படிச்சதை, இவன் அடிக்கடி வீடு மாறியே கத்துக்கிட்டான்.

அவன் ஹீரோ யார் தெரியுமா? சண்டிகரோட நேக் சந்த். அரசாங்கத்துல ரோடு இன்ஸ்பெக்டர். 1957 வாக்குல ஆரம்பிச்சு, இடிச்ச வீடுகளோட கழிவு, உடைஞ்ச வளையல், பீங்கான் துண்டு எல்லாத்தையும் சேர்த்து, காட்டுக்குள்ள யாருக்கும் தெரியாம பொம்மைகளா செஞ்சு அடுக்கினார். அரசு நிலம், அனுமதி கிடையாது. கண்டுபிடிச்சா இடிச்சிருவாங்க. பதினெட்டு வருஷம்போல இப்படியே ஓடிச்சு. கடைசியில அதிகாரிகள் பார்த்தப்போ, இடிக்க மனசு வரலை. 1976-ல மக்களுக்குத் திறந்துவிட்டாங்க. அதுதான் ராக் கார்டன். 2015-ல அவர் இறந்துட்டார். தோட்டம் இருக்கு. ‘‘சொந்த இடம் வரட்டும்னு அவர் காத்திருந்தா?’’ன்னு நம்மாளு கேட்டப்போ எனக்கு என் ஹாஸ்டல் சுவர் ஞாபகம் வந்துச்சு.

இதையெல்லாம் இப்போ ஏன் எழுதறேன்? போன ஞாயித்துக்கிழமை அந்த வீட்டைக் காலி பண்ணிட்டாங்க. ஓனர் பையனுக்குக் கல்யாணமாம். மூட்டை தூக்க நானும் போயிருந்தேன். வீடு மொத்தமும் கழட்டி முடிக்க மூணு மணி நேரம்கூட ஆகலை. தோட்டம் உட்பட எல்லாம் குட்டியானையில ரெண்டே டிரிப்.

ஓனர் வந்து சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். ஒரே ஒரு ஓட்டை சிக்குச்சு. அப்பா முகம் சுருங்கிப் போச்சு. ‘‘அது... நீங்க வர்றதுக்கு முன்னாடி நான் காலண்டருக்கு அடிச்சதுங்க’’ன்னு ஓனரே ஒத்துக்கிட்டார். அட்வான்ஸ் முழுசா வந்துச்சு.

கடைசியா அந்தக் கண்ணை இறக்கினோம். அப்போதான் பார்த்தேன், மூங்கில் கழி நுழையற அளவுக்கு மேல்விளிம்பை மடிச்சு, அழுத்தமா ரெட்டைத் தையல் போட்டிருந்துச்சு. ‘‘யார்டா தைச்சது?’’ன்னேன். நம்மாளு பதில் சொல்லாம அப்பாவைப் பார்த்தான். அவர் அதைச் சுருட்டி, ‘‘பின்னாடி போட்டா கசங்கிரும்’’னு சொல்லிட்டு, மடியில வெச்சுக்கிட்டு டிரைவர் பக்கத்துல ஏறி உட்கார்ந்துட்டார்.

புது வீட்டு ஹால் உயரம் கம்மி. கண்ணை முழுசா தொங்கவிட முடியலை. மேல் பாதி மடிஞ்சிருக்கிறதால, முறைச்சிக்கிட்டு இருந்த ஹீரோ இப்போ தூக்கக் கலக்கத்துல இருக்கார்!

ஹாஸ்டலுக்குத் திரும்பினதும், ஜன்னல் கம்பியிலேர்ந்து அலமாரிக் கைப்பிடி வரைக்கும் ஒரு கயிறு கட்டியிருக்கேன். கிளிப்பும் வாங்கியாச்சு. இன்னும் எதுவும் மாட்டலை. என்ன மாட்டலாம்னு எழுதி அனுப்புங்க மக்களே. ஒரே கண்டிஷன்... ஆணி கிடையாது!