ஆறுதலற்ற நாளில் எடுத்த முடிவு

தெளிந்து தேர்தல் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது குருமடம், துறவு, திருமணம், வெளிநாட்டுப் பயணம். ஆன்ம வழிகாட்டிகளாக நாம் பெற்ற பயிற்சியும் பெரும்பாலும் அந்தப் பெரிய முடிவுகளைச் சுற்றியதே. கல்முனைக் கரையில் பணிபுரிபவருக்கு அது போதாது. முஸ்லிம் அயலவரின் மருதமுனைக் கைத்தறிச் சாறியை வாங்குவதா, சாய்ந்தமருதுக் கடையில் சாமான் எடுப்பதா, கைபேசிக்கு வந்த குரல் பதிவை அடுத்தவருக்கு அனுப்புவதா என்பனவும் இங்குள்ள கிறிஸ்தவக் குடும்பத்துக்குத் தேர்வுகள்தான். இவற்றை எவரும் நம்மிடம் வந்து கேட்பதில்லை. கேட்காமலே முடிவாகிவிடுகின்றன, பல வேளை ஒரு வதந்தியால்.

2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் உணவில் தட்டுப்பட்ட கட்டியை மலட்டு மாத்திரை என்றார்கள். அன்றிரவே பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அது வெறும் மாவுக் கட்டி என்று அரச பகுப்பாய்வு பின்னர் சொன்னது. அறிக்கை வந்தும் கதை சாகவில்லை. அடுத்த ஆண்டு, பெண்களை மலடாக்கினார் என்று குருநாகலில் ஒரு வைத்தியர்மீது ஏறிக்கொண்டது.

அதற்குள் 2019 ஏப்ரல் 21 உயிர்ப்பு ஞாயிறு குண்டுத் தாக்குதல் நமக்கே நேர்ந்துவிட்டது. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் இறந்தார்கள். அந்தக் கோபத்தையும் பயத்தையும் பாவம் என்று சொல்லக் கூடாது. சொல்லும் வழிகாட்டி துக்கம் அறியாதவர். ஆனால் அந்த வாரங்களில் 'இனி முஸ்லிம் கடைக்குப் போவதில்லை' என்று எடுத்த தீர்மானம் வேறு வகை. ஆறுதலற்ற நிலையில் இருக்கும்போது, அதற்கு முன் அமைதியில் எடுத்திருந்த முடிவை மாற்றலாகாது என்பது லொயோலா இஞ்ஞாசியாரின் விதி. 2022 ஆகஸ்ட் இறுதியில் தெளிந்து தேர்தல் பற்றித் திருத்தந்தை பிரான்சிஸ் தொடங்கிய மறைக்கல்வித் தொடரிலும் இது வலியுறுத்தப்பட்டது. நம் விடயத்தில் முன்பு எடுத்த முடிவு எது? அயலவராக வாழ்வது. எவரும் அதை எழுதி வைக்கவில்லை. 2004 சுனாமியில் ஒரே கரையில் பிணம் தேடியவர்களுக்கு அதை எழுதத் தேவையும் இருக்கவில்லை.

இதே விதியைச் சாட்டி உண்மையான ஆபத்துக்கும் கண்ணை மூடிக்கொள்வோரும் உண்டு. அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் 26 அன்று சாய்ந்தமருதில் தற்கொலைக் குண்டுதாரிகள் தங்கியிருந்த வீடு பொலிசாருக்குத் தெரியவரக் காரணமானவர்கள் அவ்வூர் முஸ்லிம்கள். பெயரையும் உடையையும் வைத்து அவர்கள் ஐயப்பட்டிருக்க முடியாது. அவை அவர்களுடைய பெயர்கள், அவர்களுடைய உடைகள். புதிதாகக் குடிவந்தவர்களின் நடத்தையைப் பார்த்தார்கள், பொறுப்பானவர்களிடம் சொன்னார்கள். அந்த வீட்டில் குண்டுகள் வெடித்துப் பிள்ளைகளும் மாண்ட அந்த இரவின் துயரையும் அதே ஊர்தான் சுமந்தது. தெளிந்து தேர்தலுக்கு எடுத்துக்காட்டுத் தேடும் மறைக்கல்வி ஆசிரியர் புனிதர் வரலாறுகளைப் புரட்டுமுன் இதை வகுப்பில் சொல்லலாம். சிலருக்குச் சங்கடமாக இருக்கும். இருக்கட்டும்.

நமக்குக் கடினமான பகுதி, தீமை நன்மையின் வேடத்தில் வருவது. ஒரு நினைப்பின் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் பார்க்கச் சொன்னவரும் இஞ்ஞாசியார்தான். அந்த நாள்களின் வட்ஸ்அப் செய்திகளை அப்படிப் பிரித்தால், தொடக்கத்தில் இறந்தோருக்கான செபம், நடுவில் எச்சரிக்கை, முடிவில் 'அவர்களுக்கு வீடு வாடகைக்குக் கொடுக்காதீர்கள்.' செபத்தைப் படித்துக் கண் கலங்கியவர் முடிவைக் கவனிக்காமலே அனுப்பிவிடுகிறார். பக்தி இல்லாதவரைவிடப் பக்தியுள்ளவர்தான் இதில் எளிதில் விழுகிறார் என்பது எம் எண்ணம்.

ஆகவே வழிகாட்டுவோருக்கு ஒரு வேண்டுகோள். இரவு ஆன்ம ஆய்வுக்குள் அன்று அனுப்பிய செய்திகளையும் கொண்டுவரச் சொல்லுங்கள்: யாரிடமிருந்து வந்தது, அனுப்பும்போது மனம் எப்படி இருந்தது, அதனால் யாருடைய வியாபாரமோ பெயரோ கெட்டிருக்கும். பொய் என்று தெரிந்தால் அனுப்பிய அதே குழுவில் திருத்தமும் போடச் சொல்லுங்கள். தனியே வருந்துவது போதாது. இளைஞர் குழுவில் தொடங்குவது எளிது. குடும்பக் குழுக்களில் அதிகம் அனுப்புகிற மூத்தவர்களிடம் இதைச் சொல்லத்தான் கூடுதல் பொறுமை வேண்டும்.